ட்ராமா ட்ரெயினிங் எடுக்கப் போறீங்களா, எங்க ஆரம்பிக்கறதுன்னு சொல்றேன்

சமூகப்பணியில எம்எஸ்டபிள்யூ முடிச்ச பசங்க, புதுசா வேலைக்குச் சேர்ந்த நர்ஸுங்க, ஸ்கூல் கவுன்சிலர்னு மாசத்துக்கு ரெண்டு பேராவது என்கிட்ட வந்து "அக்கா, ட்ராமா கோர்ஸ் ஒண்ணு பண்ணலாம்னு இருக்கேன், எது நல்ல கோர்ஸ்?"னு கேக்கறாங்க. ட்ராமான்னா சாவு, விபத்து, பேரிடர் மாதிரி பெரிய அதிர்ச்சி மனசுல உண்டாக்கற காயம். நான் உடனே கோர்ஸ் பேர் சொல்றதில்ல. "நீ ஜிஹெச் மார்ச்சுவரி வாசல்ல ஒரு மணி நேரம் நின்னிருக்கியா?"ன்னு கேப்பேன். பயமுறுத்தறதுக்கு இல்ல. அந்த வாசல்ல நிக்கத் தெரியணும், அதுக்குத்தான் இந்த ட்ரெயினிங்கே, சுவத்துல மாட்ற சர்டிபிகேட்டுக்கு இல்லன்னு மொதல்லயே மண்டையில ஏத்திக்கிட்டா பாதி கோர்ஸ்ங்களைத் தானா தள்ளி வெச்சிடலாம்.

நான் எப்படிக் கத்துக்கிட்டேன்னு சொல்லிடறேன், அசிங்கமான கதைதான். 2005 ஜனவரி, சுனாமி வந்து மூணு வாரம்கூட ஆகல, நாகப்பட்டினம் மாவட்டத்துல மட்டுமே 6,000 பேருக்கு மேல போயிட்டாங்க. நான் அப்பதான் படிப்பு முடிச்ச ஆளு, கையில ஒரு ஃபாரம், கழுத்துல ஒரு ஐடி கார்டு, கேம்ப்பா மாத்தியிருந்த ஒரு கல்யாண மண்டபத்துல ஒரு அம்மா பக்கத்துல போய் உக்காந்து "அன்னிக்கு என்ன நடந்துச்சுன்னு மொதல்லேர்ந்து சொல்லுங்கம்மா, சொன்னா மனசு லேசாகும்"னு கேட்டேன். அந்தம்மா என்னை நிமிந்துகூட பாக்கல. "காலையிலேர்ந்து நீ ஒம்போதாவது ஆளு. எல்லாரும் எழுதிக்கிட்டுப் போறீங்க. ரேஷன் கார்டு தண்ணியோட போயிடுச்சு, அதுக்கு எங்க போய் நிக்கணும்னு ஒருத்தி சொல்ல மாட்டேங்கறீங்க"ன்னாங்க. எனக்கும் தெரியல. அதான் கொடுமை. ட்ராமா பத்தி நாலு நாள் கிளாஸ் கேட்டுட்டு வந்திருந்தேன், டூப்ளிகேட் ரேஷன் கார்டுக்கு யார்கிட்ட எழுதிக் குடுக்கணும்னு ஒருத்தரும் சொல்லித் தரல.

"சொன்னா மனசு லேசாகும்"ங்கறது நானா கண்டுபிடிச்சது இல்ல, அதுக்கு ஒரு வரலாறு இருக்கு. 1983ல அமெரிக்காவுல ஜெஃப்ரி மிட்செல்னு ஒருத்தர், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் ஆளுங்களுக்காக டீப்ரீஃபிங்னு ஒரு முறை கொண்டு வந்தார், சம்பவம் முடிஞ்ச கொஞ்ச நாள்லயே எல்லாரையும் உக்கார வெச்சு நடந்ததை வரிசையா பேச வைக்கறது. அது டீமா வேலை செய்யற ஆளுங்களுக்குன்னு வந்தது, போகப் போக விபத்துல அடிபட்டவங்க, தீக்காயக்காரங்கன்னு தனித்தனி ஆளுங்க மேலயும் ஏத்திட்டாங்க. 1997ல பிஸ்ஸன்ங்கறவரோட டீம் பிரிட்டன்ல தீக்காயம் பட்டவங்களை வெச்சு ஒரு ஆய்வு பண்ணாங்க, 13 மாசம் கழிச்சுப் பாத்தா அப்படிப் பேச வெச்சவங்கள்ல 26 சதவீதம் பேருக்கு பிடிஎஸ்டி, அதாவது அதிர்ச்சி நடந்து நாளாகியும் விடாத மனநல பாதிப்பு, இருந்துச்சு, பேச வைக்காதவங்கள்ல 9 சதவீதம்தான். பேச வெச்ச குரூப்ல மொதல்லயே காயம் கொஞ்சம் அதிகம்னு ஒரு வாதம் இருக்கு, சரி, இருந்தாலும் அப்புறம் மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடை போடற காக்ரேன் அமைப்புக்காரங்க எல்லா ஆய்வையும் சேத்து வெச்சுப் பாத்தப்ப, ஒரே தடவை உக்கார வெச்சு நோண்டறதால பிடிஎஸ்டி வராம தடுக்க முடியும்ங்கறதுக்கு ஆதாரமே இல்லன்னு சொல்லிட்டாங்க. இதைத் தெரியாத ட்ரெயினர் இன்னும் இருக்காங்க. உங்க ட்ரெயினர் "சம்பவம் நடந்த மறுநாளே எல்லாத்தையும் வெளிய கொட்ட வெச்சிடணும்"னு சொன்னா, டீ குடிச்சிட்டு கிளம்பிடுங்க.

சரி, எங்க ஆரம்பிக்கறது.

மொத வேலை, உளவியல் முதலுதவி. பிஎஃப்ஏன்னு சொல்வாங்க. 2011ல உலக சுகாதார நிறுவனம், வார் ட்ராமா ஃபவுண்டேஷன், வேர்ல்டு விஷன் மூணு பேரும் சேர்ந்து களப்பணியாளருக்குன்னு ஒரு கையேடு போட்டாங்க, நெட்ல இலவசமா கிடைக்கும், சின்ன புஸ்தகம்தான், ஒரு ஞாயித்துக்கிழமை போதும். ஆன்லைன் கோர்ஸ் வேணும்னா ஜான்ஸ் ஹாப்கின்ஸ் யுனிவர்சிட்டியோட ஜார்ஜ் எவர்லி எடுக்கற பிஎஃப்ஏ கோர்ஸ் கோர்செரா வெப்சைட்ல இருக்கு. நம்ம நாட்டுல பேரிடர் மனநலம்னா பெங்களூருல இருக்கற மனநல ஆஸ்பத்திரி நிம்ஹான்ஸ்தான், அதுக்குன்னே அங்க தனிப் பிரிவு இருக்கு, சுனாமி சமயத்துல நம்ம கடற்கரை ஊர்கள்ல வேலை செஞ்சவங்களுக்கு ட்ரெயினிங் குடுத்ததுல அவங்களுக்குப் பெரிய பங்கு. தேசிய பேரிடர் மேலாண்மை ஆணையம் 2009ல இதுக்குன்னு ஒரு வழிகாட்டி நெறிமுறையும் வெளியிட்டிருக்கு, வாசிக்க கொஞ்சம் வறட்டுதான், ஆனா கலெக்டர் ஆபீஸ்ல பேசப் போறப்ப "அதுல இப்படி இருக்கு சார்"னு சொல்றதுக்கு உதவும்.

பிஎஃப்ஏவுல மூணே விஷயம்: பாக்கறது, கேக்கறது, சேத்து விடறது. கேட்டா சப்புனு இருக்கும், செஞ்சு பாத்தாதான் தெரியும். பாக்கறதுன்னா, உள்ள நுழையறதுக்கு முன்னாடி அந்த இடம் பாதுகாப்பா இருக்கான்னு பாக்கணும், யாருக்கு உடனடியா டாக்டர் தேவை, யாரு தனியா உக்காந்திருக்கா, எந்தக் குழந்தை பக்கத்துல தெரிஞ்சவங்க யாரும் இல்லன்னு ஒரு ரெண்டு நிமிஷம் சும்மா நின்னு பாக்கணும். புதுசா வர்றவங்க கத்தி அழறவங்ககிட்டதான் ஓடுவாங்க. கத்தறவங்களைச் சுத்தி எப்பவும் நாலு பேர் இருப்பாங்க, மூலையில சுவத்தைப் பாத்துக்கிட்டு செருப்பைக்கூட கழட்டாம உக்காந்திருக்கற ஆளைத்தான் யாரும் பாக்க மாட்டாங்க, நீங்க அங்க போங்க.

கேக்கறதுன்னா கேள்வி கேக்கறது இல்ல. பேர் சொல்லி, யார்னு சொல்லி, "பக்கத்துல உக்காரலாமாங்க?"ன்னு அனுமதி வாங்கி, இப்ப என்ன வேணும்னு மட்டும் கேட்டு, அப்புறம் வாயை மூடிக்கறது. அவங்களா சொன்னா கேளுங்க, சொல்லலன்னா விட்டுடுங்க.

சேத்து விடறதுதான் பாதிக்கு மேல வேலை. சொந்தக்காரங்களுக்கு ஃபோன் போட்டுக் குடுக்கறது, சார்ஜ் இல்லாத ஃபோனுக்கு சார்ஜர் தேடறது, போஸ்ட்மார்ட்டம் எப்ப முடியும்னு உள்ள போய் விசாரிச்சுட்டு வந்து சரியான தகவல் சொல்றது, இறப்பு சர்டிபிகேட்டுக்கும் வாரிசு சர்டிபிகேட்டுக்கும் எங்க எழுதிக் குடுக்கணும்னு ஒரு பேப்பர்ல எழுதித் தர்றது. இதெல்லாம் கவுன்சிலிங்கான்னு ஒரு பொண்ணு என்கிட்ட மூஞ்சைச் சுளிச்சா. 2007ல ஹாப்ஃபால்ங்கறவரோட சேர்ந்து உலகத்துல இந்தத் துறையில இருக்கற பெரிய தலைங்க நிறைய பேர் உக்காந்து, பெரிய அழிவுக்கு அப்புறம் மனுஷனுக்கு எது உதவுதுன்னு அஞ்சு விஷயம் எழுதினாங்க: பாதுகாப்பா இருக்கோம்ங்கற உணர்வு, படபடப்பு அடங்கறது, நம்மால முடியும்ங்கற தெம்பு, நமக்கு ஆளு இருக்குங்கறது, நம்பிக்கை. அந்த சார்ஜர் இதுல மூணுக்கு வேலை செய்யுதுன்னு அவகிட்ட சொன்னேன்.

ரெண்டாவது, வாயைப் பழக்கறது. இது எந்த ஆன்லைன் கோர்ஸ்லயும் வராது. நம்ம ஊர் ட்ரெயினிங்ல பெரிய ஓட்டை இதுதான், ஸ்லைடு இங்கிலீஷ்ல, ரோல் ப்ளே இங்கிலீஷ்ல, களத்துக்குப் போனா எதிர்ல இருக்கற ஆத்தா பேசறது விருத்தாசலம் பக்கத்துத் தமிழ். ஒரு பையன் ஒரு பாட்டிகிட்ட "இது உங்களை எப்படி உணர வைக்கிறது?"ன்னு கேட்டான், அந்தப் பாட்டி பாவம் என்கிட்ட திரும்பி "தம்பி எந்த ஊரு?"ன்னுச்சு. நம்ம சனங்க மனசைப் பத்திக் கேட்டா ஒண்ணும் இல்லம்பாங்க, ஒடம்பைப் பத்திக் கேட்டா எல்லாம் வரும். "ராத்திரி கண்ணு மூட முடியுதா, சோறு எறங்குதா, நெஞ்சு படபடங்குதா, கை கால் வெலவெலங்குதா"ன்னு கேளுங்க. "ஈரக்கொலையே நடுங்குது"ன்னு ஒருத்தர் சொன்னா அதுக்கு மேல ஒரு ஸ்கேல் வெச்சு அளக்க வேண்டியதில்ல.

சொல்லக் கூடாதது ஒரு லிஸ்டே இருக்கு, ஆனா ரெண்டு மூணு மட்டும் சொல்றேன். "அழாதீங்க", "தைரியமா இருங்க", "நீங்களே இப்படி ஒடைஞ்சா பிள்ளைங்களை யார் பாப்பா", இதெல்லாம் நம்ம நாக்குல தானா வரும், வீட்டுல பெரியவங்க சொல்லிக் கேட்டே வளந்ததால. கடிச்சுக்கங்க. "வயசு இருக்கு, இன்னொண்ணு பெத்துக்கலாம்"னு எக்காரணம் கொண்டும் சொல்லாதீங்க. சுனாமிக்கு அப்புறம் பிள்ளைங்களைப் பறிகுடுத்து, ஏற்கெனவே கருத்தடை பண்ணியிருந்த அம்மாக்களுக்கு அதைத் திருப்பிச் சரிபண்ற ஆபரேஷனை அரசே இலவசமா செஞ்சு குடுத்துச்சு, சில பேர் அதைத் தேடிப் போய் பண்ணிக்கிட்டாங்க, அது அவங்க முடிவு. நாம போய் வாயால சொல்றது வேற. அப்புறம் இன்னொண்ணு, மார்ச்சுவரி வாசல்ல எல்லாரும், நர்ஸ், போலீஸ், ஆம்புலன்ஸ் டிரைவர், எல்லாரும் "பாடி"ன்னுதான் சொல்வாங்க. நீங்க பேர் சொல்லுங்க. பேர் தெரியலன்னா "உங்க பையன்", "உங்க வீட்டுக்காரர்"னு சொல்லுங்க. "பாடி எப்ப வரும்"னு நான் ஒரு தடவை பக்கத்துல நின்ன அட்டெண்டர்கிட்ட கேட்டது அந்தப் பையனோட அப்பா காதுல விழுந்து, அவர் என்னைப் பாத்த பார்வை இருபது வருஷம் ஆகப் போகுது இன்னும் போகல.

ஒப்பாரியை நோயா பாக்காதீங்க. மாரடிச்சு அழறது, தரையில புரள்றது, செத்தவரைத் திட்டறது, "என்னையும் கூட்டிட்டுப் போ"ங்கறது, இதெல்லாம் நம்ம ஊர்ல துக்கத்துக்குன்னு இருக்கற வழி, அதுக்குப் பாட்டே இருக்கு. சில ஆஸ்பத்திரில சத்தம் தாங்காம உடனே தூக்க ஊசி போட்டுடுவாங்க. ஒரு அம்மா பல மாசம் கழிச்சு என்கிட்ட சொன்னது: "ஊசி போட்டுட்டாங்க, என் புள்ளை மொகத்தைக் கடைசியா பாத்தேனான்னே எனக்கு ஞாபகம் இல்ல." 2013ல உலக சுகாதார நிறுவனமே, அதிர்ச்சி நடந்த மொத மாசத்துல அந்தப் படபடப்புக்கு பென்சோடயாசெபைன் வகை தூக்க மருந்து குடுக்காதீங்கன்னுதான் சொல்லியிருக்கு. நீங்க நர்ஸா இருந்தா டாக்டர்கிட்ட இதைப் பக்குவமா எடுத்துச் சொல்லலாம், நான் சொன்னேன்னு சொல்லாதீங்க. காரியம் முடியற வரைக்கும் பொதுவா நாம கவுன்சிலிங்னு போய் நிக்கவே வேண்டியதில்ல, வீடு நெறைய ஆளு இருக்கும், பதினாறு முடிஞ்சு பந்தலைப் பிரிச்ச மறுநாள்தான் வீடு ஹோன்னு இருக்கும், டைரியில குறிச்சு வெச்சுக்கிட்டு அன்னிக்குப் போங்க.

மூணாவது, தற்கொலை பத்தி நேரா கேக்கப் பழகறது. எல்லா நாளும் சுனாமி வராது, நீங்க அதிகம் பாக்கப் போறது இதைத்தான், ப்ளஸ் டூ ரிசல்ட் வர்ற வாரம், நீட் ரிசல்ட் வர்ற வாரம், கடன்காரன் வாசல்ல வந்து கத்திட்டுப் போன ராத்திரி. கேட்டா எண்ணத்தை நாமளே விதைச்சிடுவோமோன்னு எல்லாருக்கும் ஒரு பயம் இருக்கு, அது தப்பு, கேக்கறதால எண்ணம் வராது, கேட்டா பல பேருக்கு மூச்சு விட்ட மாதிரி இருக்கும். "ஏதாவது தப்பா முடிவு எடுத்துடாதே"ன்னு சுத்தி வளைச்சுக் கேட்டா "அதெல்லாம் இல்லக்கா"ன்னுதான் பதில் வரும். "செத்துப் போயிடலாம்னு தோணுதா? எப்படின்னு யோசிச்சிருக்கியா? அது இப்ப கைக்கெட்டற இடத்துல இருக்கா?"ன்னு ஒவ்வொண்ணா, குரல் ஒசத்தாம கேளுங்க. இதைக் கண்ணாடி முன்னாடி நின்னு பத்து தடவை சொல்லிப் பாருங்க, மொத அஞ்சு தடவை நாக்கு ஒட்டும். ஆமான்னா தனியா விடாதீங்க, வீட்டுல ஒரு ஆளை உஷார் பண்ணுங்க, ஆபத்தானதை அப்புறப்படுத்தச் சொல்லுங்க. அப்புறப்படுத்தறது சின்ன விஷயம் இல்ல. தற்கொலைத் தடுப்புக்கான ஸ்நேகா அமைப்பை 1986ல சென்னையில ஆரம்பிச்ச டாக்டர் லட்சுமி விஜயகுமாரும் அவங்க டீமும், காட்டுமன்னார்கோயில் பக்கத்து கிராமங்கள்ல பூச்சிமருந்தை வீட்டுல வைக்காம ஊருக்குப் பொதுவா ஒரு இடத்துல லாக்கர்ல வெக்க வெச்சு, தற்கொலை குறையுதான்னு ஆய்வே பண்ணாங்க, குறைஞ்சுது. யாராவது எதையாவது குடிச்சிட்டேன்னு சொன்னா, ஆளு நல்லா பேசறாரு நடக்கறாருன்னு விட்டுடாதீங்க, சிலது ரெண்டு நாள் சும்மா இருந்துட்டு அப்புறம்தான் வேலையைக் காட்டும், 108 கூப்பிட்டு ஆஸ்பத்திரிக்கே போகணும்.

சட்டம் கொஞ்சம் தெரிஞ்சிருக்கணும், சுருக்கமா சொல்றேன். தற்கொலைக்கு முயற்சி பண்ணவங்க கடுமையான மன அழுத்தத்துல இருந்தாங்கன்னுதான் எடுத்துக்கணும்னு 2017 மனநலச் சட்டத்தோட 115வது பிரிவு சொல்லுது, கேஸாயிடும்னு பயந்து வீட்டுக்காரங்க ஆஸ்பத்திரில பொய் சொன்னா இதை எடுத்துச் சொல்லுங்க. 18 வயசுக்குக் கீழ உள்ள குழந்தைக்குப் பாலியல் கொடுமை நடந்தது உங்களுக்குத் தெரிய வந்தா போக்சோ சட்டம் 19வது பிரிவுப்படி போலீஸ்ல தகவல் சொல்லியே ஆகணும், கவுன்சிலர்ங்கறதால விலக்கு எல்லாம் கிடையாது, சொல்லலன்னா 21வது பிரிவுல உங்க மேல கேஸ் வரும். அதனால ஒரு பொண்ணு "அக்கா யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க, ஒண்ணு சொல்றேன்"னு ஆரம்பிச்சா சத்தியம் பண்ணிடாதீங்க. "உனக்கு ஆபத்துன்னா மட்டும் நான் ஒருத்தர்கிட்ட சொல்லியாகணும், யார்கிட்ட எப்படின்னு உன்கிட்ட சொல்லிட்டுதான் செய்வேன்"னு மொதல்லயே சொல்லுங்க. நம்பிக்கை போயிடாதான்னு கேப்பீங்க. சத்தியம் பண்ணிட்டு மறுநாள் போலீஸோட போய் நின்னாதான் போகும்.

நாலாவது, ஒரு நோட்டு. நாப்பது பக்க நோட்டு போதும். அதுல 14416 எழுதுங்க, 2022 அக்டோபர்லேர்ந்து இருக்கற டெலிமனாஸ், நம்ம தமிழ்நாட்டுல "நட்புடன் உங்களோடு மனநல சேவை"ன்னு பேரு, தமிழ்லயே பேசுவாங்க. மருத்துவ ஆலோசனைக்கு 104, ஆம்புலன்ஸுக்கு 108, குழந்தைங்களுக்கு 1098, பெண்களுக்கு 181, போலீஸுக்கு 112. இது எல்லார்கிட்டயும் இருக்கும். உங்க நோட்டுக்கு மதிப்பு வர்றது இதுக்கு அடுத்த பக்கத்துலதான்: உங்க மாவட்ட மனநலத் திட்டத்து டாக்டர் எந்தக் கிழமை எந்த ஜிஹெச்ல ஓபி பாக்கறார், கொடுமைக்கு ஆளான பெண்களுக்குன்னு இருக்கற ஒன் ஸ்டாப் சென்டருக்கு எந்த பஸ் ஸ்டாப்ல எறங்கணும், தாலுகா ஆபீஸ்ல எந்த கவுண்ட்டர், விஏஓ எத்தனை மணிக்கு வருவார், மீனவ ஊர்னா பஞ்சாயத்தார் யாரு. எல்லா நம்பரும் ஒரு தடவை கூப்பிட்டுப் பாத்துட்டு எழுதுங்க. செத்துப்போன நம்பரைக் குடுத்து அனுப்பறது உதவி இல்ல, அலைக்கழிக்கறது. எனக்கு இந்த நோட்டை எழுத வெச்சது அந்தக் கல்யாண மண்டபத்து அம்மாதான், மொத வரியே டூப்ளிகேட் ரேஷன் கார்டு.

அதுக்கப்புறம்தான் பெரிய கோர்ஸுங்களைப் பத்தி யோசிக்கணும். அதிர்ச்சிக்கு ஆளானவங்கள்ல பெரும்பாலானவங்க சொந்தபந்தம், வேலை, கோயில் குளம்னு தானா தேறி வந்துடுவாங்க. மூணு நாள்லேர்ந்து ஒரு மாசம் வரைக்கும் கடுமையா இருந்தா அதுக்கு அக்யூட் ஸ்ட்ரெஸ் டிஸார்டர்னு பேரு, ஒரு மாசம் தாண்டியும் அந்தச் சம்பவம் கண்ணு முன்னாடி திரும்பத் திரும்ப ஓடுது, அந்தப் பக்கமே போக முடியல, சின்ன சத்தத்துக்கும் தூக்கிவாரிப் போடுது, வேலைக்குப் போக முடியலன்னா அப்பதான் பிடிஎஸ்டின்னு யோசிப்பாங்க. பத்தாவது நாள் அழறவங்களுக்கு பிடிஎஸ்டி லேபிள் ஒட்டாதீங்க. நெஜமாவே அது இருக்கறவங்களுக்கு வைத்தியம் இருக்கு, ட்ராமாவுக்குன்னு இருக்கற சிபிடி (நினைப்பையும் நடத்தையையும் மாத்தற பேச்சு சிகிச்சை), எட்னா ஃபோவாவோட ப்ரொலாங்டு எக்ஸ்போஷர் (பயந்து ஒதுங்கறதைக் கொஞ்சம் கொஞ்சமா எதிர்கொள்ள வைக்கறது), ஃப்ரான்சின் ஷாப்பிரோ கொண்டு வந்த இஎம்டிஆர் (கண்ணை அசைச்சுக்கிட்டே அந்த நினைவை எடுத்துப் பாக்க வைக்கறது). இதெல்லாம் தெரபி படிச்சவங்க, மேல ஒருத்தர் பாத்துக்கிட்டே செய்ய வேண்டிய வேலை. ரெண்டு நாள் ஜூம்ல உக்காந்தா "சர்ட்டிஃபைடு ட்ராமா ஸ்பெஷலிஸ்ட்"னு பட்டம் தர்ற விளம்பரம் இப்ப இன்ஸ்டா முழுக்க ஓடுது, காசு உங்களுது, ஆனா அதை வெச்சுக்கிட்டு யாரையாவது கண்ணை மூடச் சொல்லி அந்த நாளுக்குத் திரும்பக் கூட்டிட்டுப் போயிடாதீங்க, தொறந்ததை மூடத் தெரியாம நிப்பீங்க. கோர்ஸ் எடுக்கறதுக்கு முன்னாடி நான் கேக்கச் சொல்றது மூணு கேள்வி: முடிச்ச அப்புறம் சூப்பர்விஷன் எத்தனை மாசம், ரோல் ப்ளே எத்தனை மணி நேரம், ட்ரெயினர் கடைசியா களத்துக்குப் போனது எப்ப. மூணாவது கேள்விக்கு அவங்க மொகம் மாறினாலே போதும்.

தெரபிஸ்ட் இல்லாத சமூகப் பணியாளருக்கு இடையில ஒரு நல்ல படி இருக்கு, உலக சுகாதார நிறுவனம் 2016ல விட்ட ப்ராப்ளம் மேனேஜ்மெண்ட் பிளஸ், அஞ்சு செஷன், மூச்சுப் பயிற்சி, பிரச்சினையைச் சின்னதா ஒடைக்கறது, மறுபடி எழுந்து நடமாடறது, ஆளுங்களோட சேர்றதுன்னு போகும். தெரபி படிக்காதவங்களும் ட்ரெயினிங்கும் சூப்பர்விஷனும் இருந்தா செய்யலாம். பிஎஃப்ஏ முடிச்சு ஒரு வருஷம் களத்துல ஓடிட்டு இதை எடுங்க.

நீங்களும் இதுல தேயுவீங்க, அதையும் சொல்லணும். அடுத்தவங்க கதை கேட்டுக் கேட்டே நமக்குள்ள ஏறுறதுக்கு 1990லயே மெக்கானும் பேர்ல்மனும் ஒரு பேர் வெச்சுட்டாங்க, வைகேரியஸ் ட்ராமான்னு. எனக்கு அது எப்படி வந்துச்சுன்னா, பல மாசம் என் பையன் ஸ்கூல் வேன் அஞ்சு நிமிஷம் லேட்டானா நான் தெருமுனைக்கு ஓடிடுவேன், அதை ட்ராமான்னு எனக்குத் தோணவே இல்ல, டிராஃபிக் மேல பழி போட்டுக்கிட்டிருந்தேன். இந்த வேலை நம்மளை எவ்வளவு தேய்க்குதுன்னு பாக்கறதுக்கு ப்ரோகோல்னு ஒரு கேள்வித்தாள் இலவசமா கிடைக்குது, மூணு மாசத்துக்கு ஒரு தடவை போட்டுப் பாருங்க. களத்துக்குத் தனியா போகாதீங்க, ரெண்டு பேரா போங்க, திரும்பி வர்ற பஸ்ல அந்தக் கதையையே பேசிக்கிட்டு வராம எங்கயாவது எறங்கி ஒரு டீ குடிங்க. பேசணும்னு தோணுனா பேசுங்க, தோணலன்னா டீ மட்டும். வேலைக்கு இண்டர்வியூ போறப்ப சம்பளம் கேக்கற மாதிரியே "இங்க சூப்பர்வைசர் யாரு, எத்தனை நாளைக்கு ஒரு தடவை உக்காருவாங்க?"ன்னும் கேளுங்க. எனக்கு மொத எட்டு வருஷம் அப்படி ஒருத்தரும் இல்ல, ரிப்போர்ட் கேக்கற மேனேஜர்தான் இருந்தார்.

கடைசியா பை. அதுல தண்ணி பாட்டில் ரெண்டு, மூணு வகை பின் இருக்கற சார்ஜர், பவர் பேங்க், வெத்துப் பேப்பர் கொஞ்சம், எழுதற பேனா நாலு ஏன்னா மூணு திரும்பி வராது, பிஸ்கட், சானிட்டரி நாப்கின், சின்னப் பிள்ளைங்களுக்கு க்ரேயான் ஒரு டப்பா, அந்த நாப்பது பக்க நோட்டு. ஐடி கார்டைக் கழுத்துல மாட்டிக்காதீங்க, பாக்கெட்ல வெச்சுக்கங்க, யார் நீங்கன்னு கேட்டா எடுத்துக் காட்டலாம்.